நங்கையின் முறை

மார்ச் 19, ஞாயிறு

உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இத்தனை நாளும் பீரோ மேல் கிடந்தது. பேச ஆள் இல்லாத வீட்டில் எழுதியாவது வைப்போம் என்று எடுத்துவிட்டேன். மனைவி பாவாத்தா இருக்கிறாள். ஆனால் நான் வாயைத் திறந்தால் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

மழை பொய்த்து இது இரண்டாவது வருடம். கிணற்றில் பாறை தெரிகிறது. போன வருடத்துக் காய்ந்த சோளத்தட்டுப் போர் ஒன்று வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது, அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மற்றபடி எங்களுக்கு எல்லாம் கொறங்காடுதான். உழாமல் விதைக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். புல் தீர்ந்தாலும் கோடையில் வேலங்காய் உதிரும். அதைத் தின்றே ஆடுமாடு உயிரைப் பிடித்துக்கொள்ளும்.

அப்பா அந்தக் காட்டைப் பாகம் பிரிக்காமலே போய்விட்டார். அண்ணன் இருந்தவரை இரண்டு வீட்டு உருப்படிகளும் ஒன்றாக மேய்ந்தன. அண்ணன் போன பிறகு முறை வைத்துக்கொண்டோம். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை எனக்கு, அதற்கடுத்த மாதம் நங்கைக்கு. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். பெயர் வள்ளியாத்தாள். மகளை வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார்.

என்னிடம் இரண்டு பசு, ஒரு காளைக்கன்று, கொஞ்சம் செம்மறி. நங்கையிடம் ஒரே ஒரு பசு, சாம்பல் நிற மயிலை. அண்ணன் கன்றாக வாங்கி வந்தது. காங்கேயம் மாட்டுக்கு என்னென்ன லட்சணம் சொல்வார்களோ அத்தனையும் அதனிடம் இருக்கிறது. அது ஈன்ற காளைக்கன்றைக் கண்ணபுரம் சந்தையில் ஆள் சுற்றி நின்று பார்த்தார்கள். இப்போது ஏழு மாதச் சினை. ஒற்றைப் பொம்பளைக்கு இப்படி ஒரு மாடு எதற்கு என்று எனக்குத் தோன்றும். தோன்றுவதை எழுதினால் என்ன தப்பு?

மார்ச் 24, வெள்ளி

தண்ணீர் லாரி வரவில்லை. குடிக்க வைத்திருந்த குடத்திலிருந்து ஆடுகளுக்கு ஊற்றினோம். வேலங்காய் இப்போதுதான் உதிர ஆரம்பித்திருக்கிறது.

மார்ச் 28, செவ்வாய், அமாவாசை

காலையில் நங்கை வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"கொழுந்தனாரே, இன்னிக்கி முறை மாறுதுங்களே. பொழுதோட மயிலைய ஓட்டியாந்தர்றேன். கடவத் தொறந்து வெச்சிருங்க."

கடவு என்பது வேலியில் உருப்படி நுழைகிற வழி. அதில் நான் நேற்றே வேலாமுள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தேன்.

"நங்கை, என்ற முறை இன்னும் முழுசா ஆகலீங்க," என்றேன். "மாசி பூராவும் காட்டுல ஒண்ணுமே இல்ல. என்ற மாடு மண்ணத்தான் நக்குச்சு. காய் உதிர ஆரம்பிச்சதே இப்பத்தான். இன்னொரு பத்துப் பதனஞ்சு நாள் போகட்டுமுங்க."

"போன ஐப்பசில என்ற முறைலயும் மண்ணுதானுங்க இருந்துது. நான் ஒண்ணும் கேக்கலீங்களே."

பதில் இல்லாமல் இல்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். பாவாத்தா உள்ளே பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது. அப்புறம் நங்கை போய்விட்டார்.

முறை என்றால் பலன் கிடைக்கிற முறை. வெறும் காட்டைக் காட்டி முறை என்றால் அது கணக்கில் வராது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

மார்ச் 31, வெள்ளி

நங்கையின் மாடு வேலிக்கு வெளியே நின்று கிளுவைத் தழையைத் தின்கிறது. எட்டுகிற உயரம் வரை மொட்டையாகிவிட்டது. வேலி இரண்டு வீட்டுக்கும் பொது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பெருந்தன்மையை யார் எழுதி வைக்கப் போகிறார்கள், நானே எழுதுகிறேன்.

என் மாடுகள் உள்ளே காய் பொறுக்குகின்றன. மயிலை வேலிக்கு இந்தப் பக்கம் அவற்றோடு கூடவே நடக்கிறது. அவை நின்றால் அதுவும் நிற்கிறது.

ஏப்ரல் 4, செவ்வாய்

நங்கை வீட்டுக்குப் போனேன். நல்லதை நினைத்துத்தான் போனேன்.

மாட்டை வாரத்துக்கு விடுங்கள் என்றேன். தீனி போட முடியாதவர்கள் மாட்டை இன்னொருவரிடம் வளர்க்க விடுவது இங்கே எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். பிறக்கிற கன்றைப் பங்கு வைத்துக்கொள்வார்கள். இந்த ஈத்துக் கன்று எனக்கு, அடுத்தது உங்களுக்கு என்றேன். இந்தப் பஞ்சத்தில் இதைவிட நியாயமாக யார் பேசுவார்கள்?

மயிலை கட்டுத்தரையில் படுத்திருந்தது. நங்கை அதன் முதுகில் கை வைத்துக்கொண்டே கேட்டார்.

"கட்டுத்தரை வெறுமையா இருந்தா நான் காத்தால எந்திரிச்சு எங்கீங்க போறது?"

"எங்கூட்டுக்கு வந்து பாத்துக்குங்க. என்ன, ரண்டு எட்டுத்தான."

"அது எங்கூடத்தானுங்க பேசிட்டிருக்குது. ஊட்ல வேற ஆரு இருக்கறா?"

மாடு பேசுகிறதாம். தீனி இல்லாத மாடு என்ன பேசும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. "ரோசனை பண்ணுங்க, நங்கை. கடவு இப்போதைக்கி தொறக்கறாப்பல இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதை ஏன் சொன்னேன் என்று பாவாத்தா கேட்டாள். எதையும் சும்மா சொல்லக்கூடாதா?

ஏப்ரல் 7, வெள்ளி

தட்டுப்போரில் மேற்குப் பக்கம் குழி விழுந்திருக்கிறது. பாவாத்தாவிடம் கேட்டேன்.

"எலியா இருக்குமுங்க," என்றாள்.

"எலி தட்டக் கட்டோட தூக்கிட்டுப் போகுமா?"

"பெரிய எலியா இருக்கும்."

மயிலை படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சோளத்தட்டுத் துணுக்குகள் கிடக்கின்றன. காற்றில் பறந்து வந்திருக்கும். இப்போது காற்றுக் காலம் இல்லைதான்.

ஏப்ரல் 8, சனி

போரைச் சுற்றி வேலாமுள் வளைத்துக் கட்டினேன். நாள் முழுக்க அதே வேலை. முதுகு ஒடிந்துவிட்டது. எலிக்காகத்தான் என்று பாவாத்தாவிடம் சொன்னேன். அவள் என்னோடு பேசவில்லை. தலைவலியாக இருக்கும்.

ஏப்ரல் 12, புதன்

வெயில். ஆட்டுக்குட்டி ஒன்று செத்தது.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப் பிறப்பு. ஒவ்வொரு வருடமும் நங்கை இங்கேதான் சாப்பிடுவார். இந்த வருடம் வரவில்லை. பாவாத்தா தூக்குப் பாத்திரத்தில் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு போனாள், வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள்.

"சாப்பிட்டாங்களா?" என்றேன்.

"மாட்டுக்கு வெச்சுட்டாங்க. பாதிய வெச்சுட்டு, மீதிய நாளைக்கின்னு மூடிட்டாங்க. ஒரேயடியா வெச்சா வயித்துக்கு ஆகாதுன்னாங்க."

நானும் மாடு வளர்த்தவன்தான். எனக்குத் தெரியாததா?

ஏப்ரல் 16, ஞாயிறு

டீக்கடையில் ஊர்க்கவுண்டர், "சென்னியப்பா, முறை மாறலியாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். குடும்ப விசயமுங்க என்றேன். பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் மயிலையைப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணிவிடலாம். இடுப்புக்கு முன்னால் இருக்கிற குழியில் ஒரு சொம்பையே வைக்கலாம் போலிருக்கிறது. வயிறு மட்டும் கன்றால் தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது. என் கையில் ஏதாவது இருக்கும் என்று நினைத்ததோ என்னவோ. அது கன்றாக இருந்தபோது அண்ணனோடு சேர்ந்து நானும் அதற்குத் தவிடு கலக்கி வைத்திருக்கிறேன். என் வாசனை அதற்குத் தெரியும்.

வேகமாக நடந்து வந்துவிட்டேன். கடவைத் திறந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. இப்போது திறந்தால் ஊர்க்கவுண்டர் கேட்டதற்காகத் திறந்தான் என்பார்கள்.

ஏப்ரல் 20, வியாழன்

நங்கை மயிலையை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு என்ன, தாங்கிக்கொண்டு. இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார்கள்.

"வெச்சுக்குங்க, கொழுந்தனாரே. நீங்க சொன்ன மாதிரியே. இனி என்னால பாக்க முடியாதுங்க."

நான் வாங்க நங்கை, உட்காருங்க என்றேன். உட்காரவில்லை. மயிலையைக் கட்டிவிட்டு அதன் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு சொல்றனுங்க. வயிறு காஞ்சு போயிக் கெடக்குது. ஒரே மூச்சா எதையும் வெச்சுப்புடாதீங்க. ஒரு வாரத்துக்குத் தட்டு மட்டும் போடுங்க, அதுவும் கொஞ்சங் கொஞ்சமா. தவுடு, பருத்திக்கொட்டை எல்லாம் அப்பறமா."

"எனக்குத் தெரியாதுங்களா," என்றேன்.

அவர் போகும்போது மாடு கத்தவில்லை. கத்தத் தெம்பு இல்லை. நங்கையும் திரும்பிப் பார்க்கவில்லை. பாவாத்தா அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மத்தியானம்தான் வந்தாள்.

கடைசியில் மாடு நம் கட்டுத்தரைக்கு வந்துவிட்டது. சந்தோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முள்ளைப் பிரித்துத் தட்டு உருவிப் போட்டேன். மயிலை ஒரே மூச்சில் தின்றுவிட்டு என்னையே பார்த்தது. மறுபடி போட்டேன். மறுபடி பார்த்தது.

ஏப்ரல் 21, வெள்ளி

பாவாத்தா காலையிலேயே நங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவருக்குக் காய்ச்சலாம்.

நான் மயிலையோடு இருந்தேன். அதற்குத் தட்டுப் போதவில்லை. போட்டதைத் தின்றுவிட்டுத் தொட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. என் மாடுகள் பக்கத்தில் கொழுத்து நிற்கின்றன, இது நடுவில் எலும்பாக நிற்கிறது. யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கண்ணபுரம் சந்தை வருவதற்குள் தேற்றிவிட வேண்டும் என்றும் ஒரு எண்ணம். எல்லாம் சேர்ந்துகொண்டது.

பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தேன். கம்பு வேகவைத்து ஆறவைத்துக் கொடுத்தேன். நேற்றைய சோற்றையும் கஞ்சியையும் தவிட்டில் கலந்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் தொட்டியைத் துடைத்தது போல் காலி பண்ணியது. ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ ஒன்று லேசானது. தின்னு சாமி, தின்னு என்று வாய்விட்டே சொன்னேன். அண்ணன் இப்படித்தான் சொல்வார்.

சாயங்காலம் பாவாத்தா வந்து தொட்டியை முகர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னத்தீங்க வெச்சீங்க?"

"வவுறார வெச்சேன்."

அவள் தொட்டியில் மிச்சமிருந்ததைக் கீழே கொட்டிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

ஏப்ரல் 22, சனி

மயிலை தட்டைத் தொடவில்லை. அசை போடவில்லை. வயிறு ஒரு பக்கம் கல்லாக இருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. சாணி தண்ணியாகப் புளித்த வாடையோடு போகிறது. பாவாத்தா ஆப்பசோடாவைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினாள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

மாடு எழவில்லை. கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருக்கிறது. மாட்டு டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் வண்டியில் வந்தார். ஊசி போட்டார், மருந்து ஏற்றினார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா பட்டினிங்க இது?"

நான் மாட்டின் முதுகில் உட்கார்ந்த ஈயை ஓட்டினேன்.

"காஞ்ச வயித்துல இத்தன தானியம் போனா உள்ள புளிச்சு விசமாயிருமுங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் பழக்கணும். மாடு வளக்கறவங்க உங்களுக்கு நான் சொல்லணுமா?"

நங்கை வந்தார். யார் போய்ச் சொன்னது என்று தெரியவில்லை. காய்ச்சலோடு, போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்து மயிலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். மாடு காதை ஆட்டியது.

பொழுது சாயும்போது மூச்சு அடங்கிவிட்டது. அதற்கப்புறமும் வயிற்றில் கன்று உதைத்தது. தோல் மேலே எழும்பி அடங்கியதை நானும் பார்த்தேன், நங்கையும் பார்த்தார். அதுவரை போகாமல் இருந்த டாக்டரம்மா வேகமாகக் கத்தியை எடுத்தார். கன்றை வெளியே எடுத்தபோது அதுவும் போயிருந்தது. காளைக்கன்று.

ஏப்ரல் 24, திங்கள்

கொறங்காட்டிலேயே குழி தோண்டினோம். உள்ளே கொண்டுபோவதற்காகக் கடவிலிருந்த முள்ளை நான்தான் இழுத்துப் போட்டேன். கையெல்லாம் கிழிந்தது. உயிரோடு இருந்தபோது திறக்காத வழியில் அதைச் செத்த பிறகு இழுத்துக்கொண்டு போனோம்.

நங்கை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் பரவாயில்லை. குழி மூடினதும், "பொம்பளையாளு வெறுங்கையோட வந்து நிக்கறனுங்க, ஒரு கை மஞ்சத்தண்ணி ஊத்தக்கூட எடுத்தாரலியே," என்று மட்டும் சொன்னார். பாவாத்தா ஓடிப்போய்க் கரைத்து எடுத்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாவாத்தா சொன்னாள்: "போர்ல எலி இல்லீங்க. நாந்தான் எடுத்துட்டுப் போயிப் போட்டுட்டிருந்தேன். நீங்க முள்ளு வெக்கற வரைக்கும் அது நல்லாத்தான் இருந்துது."

தெரியும் என்றேன். எனக்கு முதலிலிருந்தே தெரியும். எலிக்கு யாராவது வேலாமுள் வைப்பார்களா?

ஏப்ரல் 26, புதன், அமாவாசை

என் முறை.

மே 8, திங்கள்

மழை. மத்தியானம் பிடித்தது இருட்டும்வரை விடவில்லை. ஊரே வெளியே நின்று நனைந்தது. நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் அந்த மாடு வெறும் தட்டைத் தின்றுகொண்டு நின்றிருந்தால் போதும். வேறு ஒன்றுமே செய்திருக்க வேண்டியதில்லை.

மே 13, சனி

மறுபடியும் மழை. உழவு ஓட்டாமல் இருக்கிறாயே என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார். முதுகு வலி என்றேன்.

மே 19, வெள்ளி

கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் தொட வந்துவிட்டது. குழி மூடின இடத்தில்தான் எல்லாவற்றையும்விடப் பச்சையாக இருக்கிறது. உருப்படிகளை இன்னும் உள்ளே விடவில்லை. மழை பெய்தவுடனே விட்டால் புல் வேரோடு வந்துவிடும், வேர் பிடிக்க விட வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

மே 25, வியாழன், அமாவாசை

நங்கையின் முறை. விடிந்ததும் போய்க் கடவில் கிடந்த முள்ளையெல்லாம் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, வழியைப் பெருக்கியும் வைத்தேன். அப்புறம் நங்கை வீட்டுக்குப் போனேன். மயிலை போன பிறகு அங்கே போவது இதுதான் முதல் தடவை. கட்டுத்தரை கழுவி விட்டது போல் சுத்தமாக இருந்தது.

"நங்கை, கடவு தொறந்திருக்குதுங்க. இந்த மாசம் உங்க முறை," என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் பெரிய பசுவை ஓட்டி வந்து கட்டட்டுமா என்று கேட்கத்தான் போயிருந்தேன்.

அவர் அதைக் கேட்கவே விடவில்லை.

"எதுக்குங்க எனக்கு முறை? உள்ள உடறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குது? என்ற முறைலயும் நீங்களே மேச்சுக்குங்க, கொழுந்தனாரே. புல்லு வீணாப் போகாட்டி சரி."

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நிசமாகவே புல்லை நினைத்துத்தான் சொன்னார். மகள் வீட்டோடு போய்விடுவதாகவும், அடுத்த வாரம் மருமகன் வண்டி கொண்டு வருவதாகவும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

காடு முழுக்க இனி என்னுடையது. முறை கிடையாது, அமாவாசை பார்க்க வேண்டியதில்லை. அன்றைக்கு நான் கடவை அடைத்ததே இதற்காகத்தான். இப்போதாவது அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் மாடுகளை இந்த மாதம் உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நங்கையின் முறையில் என் வீட்டு உருப்படி ஒரு வாய்ப் புல் தின்னக்கூடாது. கட்டுத்தரையிலேயே கட்டிப் பழைய தட்டைப் போட்டேன். பச்சைப் புல் வாசனை காற்றில் வருகிறது, அவை தட்டைத் தொடாமல் காட்டுப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தன. கத்தட்டும் என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சத்தம் திடீரென்று நின்றது. வெளியே வந்தால் பாவாத்தா மூன்றையும் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உடு பாவாத்தா. அது நங்கையோட முறை."

அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"உங்க மேல உங்களுக்குக் கோவமிருந்தா நீங்க பட்டினி கெடங்க. மாட்டப் போடாதீங்க. ஒருக்காப் போட்டது பத்தாதுங்களா?"

மாடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். கடவு வழியே அவை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போவது வாசலிலிருந்தே தெரிந்தது.

பொழுது சாய்ந்து அவள் வந்து சோறு போட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.